மண் பூசிய வெங்காயம்

எந்த மலையில் எந்தத் தேயிலைச் செடி எப்போது தளிர்க்கும் என்று ஜெயலெட்சுமியைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். இருபத்திரண்டு வருடமாக ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற கை அது. வெங்காயத்தைப் பற்றி மட்டும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. வெங்காயம் அவள் புருஷன் இராசையாவின் ஆசை.

அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் அவர்களுக்கு இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு நிலம் இருந்தது. வருடா வருடம் அதில் போஞ்சியும் லீக்ஸும் போட்டுக்கொண்டிருந்தவர், இந்த ஜூன் மாதம் திடீரென்று சின்ன வெங்காயம் நட்டார். பக்கத்து வீட்டு இராக்கம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தாள்.

"இந்தப் பனியில வெங்காயமாண்ணே? குண்டுமணி அளவு வந்தாலே கோயில்ல தேங்கா ஒடைக்கிறேன்."

"வந்தா ஒனக்கு ஒண்ணுகூடக் கெடையாது, பாத்துக்க" என்றார் இராசையா.

முளை விட்டுத் தழை விரல் உயரம் வந்தபோது அவருக்கு வயிறு வீங்கிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஈரல் கெட்டுப்போயிருக்கிறது, வீட்டுக்குப் போகும் பேச்சை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்றார் டாக்டர். கொழும்பில் வேலை செய்யும் மகள் சுபாஜினி இரண்டு நாள் லீவில் வந்து, அழுதுவிட்டுத் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு எல்லாம் ஜெயலெட்சுமிதான். மலையும் ஆஸ்பத்திரியும் பஸ்ஸுமாக அவள் நாட்கள் போயின.

அவள் வார்டுக்குள் போனவுடன் அவர் கேட்பது வெங்காயத்தைத்தான்.

"தண்ணி ஊத்துறியா புள்ள?"

"பீலித் தண்ணிய காலையிலயும் அந்தியிலயும் தூக்கிட்டு வந்து ஊத்துறேங்க."

"அளவா ஊத்து. தழை தானா சாயணும். சாயுற வரைக்கும் கை வைக்காத." பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "நம்ம வெங்காயத்துல ஒரு சம்பல் இடிச்சு, ரொட்டியோட சாப்பிட்டுட்டாப் போதும்."

அந்தப் 'போதும்' அவளைப் பயமுறுத்தியது. அவருக்கு இருக்கும் நாளும் வெங்காயம் முற்ற ஆகும் நாளும் அவள் மனதுக்குள் ஒன்றையொன்று துரத்தின. வெங்காயம் முந்த வேண்டும்.

தோட்டத்தில் தேயிலைக்கு உரம் போட்டு முடித்து வீசிய காலிச் சாக்கு ஒன்றை அவள் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். அதன் மூலையில் இரண்டு கை உரம் கட்டி தட்டிப்போய் ஒட்டியிருந்தது. உதறி எடுத்து, நுணுக்கிப் பாத்தி முழுவதும் தூவினாள். அவளுக்குத் தெரிந்த செடி ஒன்றே ஒன்றுதான். உரம் போட்டால் அது தளிர்க்கும்.

வெங்காயமும் தளிர்த்தது. பத்தே நாளில் தழை கிடுகிடுவென்று எழும்பியது. அன்றைக்கு வார்டுக்குள் அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

"எம்புட்டுப் பச்சையா இருக்கு?" என்று கேட்டார் இராசையா.

"நம்ம தேயில மாதிரி கரும்பச்சங்க. முழங்கால் ஒசரம்."

"தழைக்குக் கீழ கழுத்து மெலிஞ்சிருக்கா?"

"மெலியிறதா? பெருவெரல் கனம் இருக்கு."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இராக்கம்மாவுக்கு வயிறு எரிஞ்சிருக்கும்" என்றார்.

"வேலிப் பக்கமே வர்றதில்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நப்ரீஸ் என்ற தையல்காரரும் சேர்ந்து சிரித்தார்.

ஆகஸ்ட் பாதியில் இராசையாவால் எழும்பி உட்காரவும் முடியவில்லை. தழை இன்னும் சாயவில்லைதான். இனிப் பொறுக்க முடியாது என்று ஜெயலெட்சுமி ஒரு செடியைப் பிடுங்கினாள். அடியில் கிழங்கில்லை. தடித்த வெள்ளைத் தண்டும் வேரும்தான். அடுத்ததைப் பிடுங்கினாள். அதற்கடுத்ததை. பாத்தி முடியும் வரை பிடுங்கினாள்.

இராக்கம்மா வந்து பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை.

"ஒரம் கிரம் போட்டியாக்கா?"

"சாக்குல ஒட்டுனது கொஞ்சம்."

"அது தழைக்குத்தானேக்கா போகும். தேயிலைக்குத் தழைதானே வேணும்."

மறுநாள் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு, பாத்தி மண்ணை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். பதுளைக் கடைத்தெருவில் நாலே நாலு சின்ன வெங்காயம் வாங்கினாள். பஸ் நிலையத்துக் குழாயடியில் மண்ணைக் குழைத்து ஒவ்வொன்றாகப் பூசினாள். தண்ணீர் பிடிக்க வந்த ஒரு பெண் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

இராசையா ஒரு வெங்காயத்தைக் கையில் வாங்கினார். பெருவிரலால் மண்ணைத் தேய்த்தார். உள்ளே காய்ந்த தோல் சரசரத்தது. கடைக்காரர்கள் வெட்டுகிற மாதிரி வேரை ஒட்ட வெட்டியிருந்தது. ஜெயலெட்சுமி அப்போதுதான் அதைக் கவனித்தாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா வெளஞ்சிருக்கு புள்ள" என்றார் அவர்.

ஒன்றை உரிக்கச் சொன்னார். ரொட்டியில் ஒரு துண்டும் வெங்காயத்தில் பாதியும் தின்றார். மீதி மூன்றைத் தலைமாட்டுப் பையில் போடச் சொன்னார்.

நாலாம் நாள் அவர் செத்துப்போனார்.

சாமான்களை எடுக்க அவள் வார்டுக்குப் போனபோது, நப்ரீஸ் பையை எடுத்துக் கொடுத்தார். மூன்று வெங்காயமும் அதில் இருந்தன.

"இத ஒருத்தரையும் தொட விடல்ல அக்கா" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க கரும்பச்சன்டு சென்ன அன்டைக்கே எனக்கிட்ட சென்னார், அவ ஒரத்தப் போட்டுட்டா போல, இனிக் கெழங்கு வராதுன்டு" என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டன். அவ சிரிச்சிக்கிட்டு வர்றது இந்த ஒண்ணுக்குத்தான், அதையும் ஏன் நிப்பாட்டணும்ன்டு சென்னார்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தடுத்துப் போன ஒவ்வொரு நாளும் ஞாபகத்துக்கு வந்தது. தழை இத்தனை உயரம், இத்தனை பச்சை என்று அவள் கையை உயர்த்திக் காட்டியதையெல்லாம், தெரிந்துகொண்டே அவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

பதினாறாம் நாள் படையலுக்கு மகள் கோழிக்கறி சமைத்தாள். ஜெயலெட்சுமி மட்டும் தனியாக உட்கார்ந்து, அந்த மூன்று வெங்காயத்தையும் உரித்துச் சம்பல் இடித்தாள். அவர் படத்துக்கு முன்னால் ரொட்டியை வைத்து, அதன்மேல் சம்பலை வைத்தாள்.

"கட வெங்காயமாக்கா?" என்று இராக்கம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஜெயலெட்சுமி. "அவரு வெளைய வச்சது."