வரப்பு பத்திரமாக இருக்கிறது

மண் பாதுகாப்புப் பிரிவில் கள உதவியாளர் வேலை என்றால் இதுதான்: மழையில் மண் அடித்துக்கொண்டு போகாமல் வரப்பு போடுங்கள் என்று நிலக்காரர்களைக் கெஞ்ச வேண்டும், போட்டவர்களுக்கு மானியம் கொடுங்கள் என்று மேலதிகாரிகளைக் கெஞ்ச வேண்டும். நீங்களும் எங்காவது யாரையாவது கெஞ்சியிருப்பீர்கள், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எழுபதுகளில் எனக்கு அந்த வேலை கவரைப்பேட்டைப் பக்கம் வாய்த்தது.

மேட்டு நிலம்

முனியம்மாவின் வேர்க்கடலைக் கொல்லை பள்ளத்தில் இருந்தது. அதை நம்பித்தான் அந்த அம்மாளும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். மேட்டில் வரதராஜுலு என்பவரின் பெரிய நிலம். மழை பெய்தால் மேட்டு மண் கரைந்து வந்து கடலைச் செடிகளை மூடிவிடும். மேட்டில் வரப்பு போட்டால் தொல்லை தீர்ந்தது.

வரதராஜுலுவிடம் போய் மண்வளம், நாட்டு நலன் என்று பாடம் ஒப்பித்தேன். கொட்டாவி விட்டார். செலவில் ஒரு பங்கை சர்க்கார் மானியமாகத் தரும் என்றதும் நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

“இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா நைனா? சும்மா மண்ணு மண்ணுன்னு பேஜார் பண்ணிக்கினு!”

ஜீப்

வரப்பு எழுந்தது. மிஞ்சும் மழைத்தண்ணீர் வெளியேறுவதற்காகப் பள்ளத்துப் பக்கம் தாராளமாக அகலம் விட்டு, கல் பதித்து, வழி அமைத்தோம். மேலதிகாரி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே இரண்டு விதிகளை வாசித்தார்: வரப்பை உடைத்தால் மானியத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், தண்ணீர் வழியை யாரும் அடைக்கக் கூடாது.

அந்த வருஷத்து மழைக்கு முனியம்மாவின் செடிகள் தப்பின. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. முனியம்மா வறுத்த கடலையை என் பையில் கொட்டினார்.

“சர்க்காரு கூட வேல செய்யுது பாரேன்!”

லாரி

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்தன. தாழ்வான மனைகளை மேடாக்க மண்ணுக்கு ஏகக் கிராக்கி. மானியம் வாங்கிக் காப்பாற்றிய மண்ணை வரதராஜுலு லாரி லாரியாக விற்றார். வரப்பை மட்டும் தொடவில்லை. விதி தெரிந்த மனிதர்.

பிறகு லாரி எப்படி வெளியே வந்தது என்கிறீர்களா? தண்ணீருக்கு நாங்கள் கல் பதித்து விட்ட வழியாகத்தான். அதைத் தாண்டினால் முனியம்மாவின் கடலைச் செடிகள்; அவற்றின் மேலேயே லாரி ஏறிப் போனது. ஓடிப்போய் வரதராஜுலுவிடம் கேட்டேன்.

“வரப்பு கீதா இல்லியா? அத்தப் பாத்துட்டுப் போ. உள்ளாற மண்ணு கீதான்னு உங்க ரூல்ஸ்ல எங்கனா கேட்டுகீதா?”

முள்

முனியம்மா வேலிமுள்ளை வெட்டி வந்து அந்த வழியில் மலையாகக் குவித்தார். லாரி நின்றது. வரதராஜுலு உடனே மனு கொடுத்தார். தண்ணீர் வழியை அடைத்த குற்றத்துக்கு நோட்டீஸ் வந்தது, முனியம்மாவுக்கு! முள்ளை அகற்றும் பொறுப்பு எனக்கு. மேலதிகாரியிடம் மன்றாடினேன். “லாரி நம்ம டிபார்ட்மெண்ட் இல்லப்பா” என்று முடித்துவிட்டார்.

முள்ளை இழுத்துப் போட்டேன். அவமானமாக இருந்தது. முனியம்மா என்னைத் தடுக்கவில்லை. நசுங்கிக் கிடந்த செடிகளைப் பிடுங்கி, பிஞ்சுக் கடலையை முந்தானையில் சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

“மழையே தேவலாம் சார். வருசத்துல நாலு நாளு வந்துட்டு அதும்பாட்டுக்குப் போயிடும். உங்க லாரி தெனம் வருது.”

அந்த உத்தியோகத்தில் நான் காப்பாற்றி வீடு கொண்டுவந்து சேர்த்த மண், அன்றைக்குச் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது மட்டும்தான்.