ஏற்றத்தில் திணறிய டர்போ

எண்பதுகளின் நடுவில் துபாயிலிருந்து வந்த என் மைத்துனர், தாம் கொண்டுவந்த டீசல் காரை என்னிடம் விட்டுப் போனார். அதில் டர்போ இருந்தது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் சிறு சக்கரம், என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு முள் காட்டும். என் நிம்மதியைக் கெடுத்தது அந்த முள்தான்.

என் மனைவிக்கு மதுரையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாதாமாதம் எங்கள் மலையூரிலிருந்து இறங்கிப்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். பஸ் குலுக்கலை அவளால் தாங்க முடியாது. மலையிறங்கும்போது கார் ஒழுங்காகப் போகும். திரும்புகையில் ஏற்றம் தொடங்கியதும் முள் எழும்பாது. கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்வோம். மூட்டை ஏற்றிய லாரிகள்கூட ஹார்ன் அடித்து முந்திப் போகும்.

"இனிமே நான் வரல. வேணும்னா டாக்டர் மேல வந்து பாக்கட்டும்" என்றாள்.

பட்டறையில் ரப்பர் குழாய்களுக்குள் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தோம். ஒரு குமிழிகூட இல்லை. கிளிப்புகளை இறுக்கினோம். காற்று வடிகட்டியை மாற்றினோம். அங்கேயே ஒரு மேட்டில் ஓட்டினால் முள் சட்டென்று எழும். வீட்டுக்குக் கொண்டுவந்தால் பழைய கதை.

"வண்டி நல்லாத்தான் கெடக்கு சார். நீங்க கியர் மாத்துறதுலதான்..." என்று இழுத்தான் மெக்கானிக்.

"நீ பொறக்கும் முன்னாலயே கியர் மாத்துனவன்யா நான்!"

மூன்றாம் முறை, வண்டியை ஒப்படைக்கும்வரை அருகிலேயே நின்றேன். ஓட்டிப் பார்த்து முடித்ததும் அவன் ஒரு கோணிச்சாக்கை எடுத்து ரேடியேட்டரின் முன்னால் செருகினான்.

"ஒவ்வொரு தடவையும் இதப் போட்டியா?"

"பின்ன? மொத சர்வீஸுக்கு விட்டீங்களே, அப்பலேர்ந்தே. பனிக்கு நம்ம ஊர்ல எல்லா வண்டிக்கும் போடுறதுதானே சார். ஒங்களுக்குன்னு புதுச் சாக்கு."

எல்லா வண்டியிலும் இருப்பதால் என் கண்ணும் அதைத் தாண்டிப் போயிருந்தது. அவனை ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னேன். சாக்கின் நுனி, பக்கத்திலிருந்த காற்றுக் குழாயின் வாயில் போய் அப்பிக்கொண்டது. காற்றே போகாவிட்டால் டர்போ எதை அழுத்தும்? வேலை செய்யும்போது கழற்றிவிட்டு, என்னிடம் தரும்போது அக்கறையாக மாட்டியிருக்கிறான்.

சாக்கை உருவி அவன் கையில் கொடுத்தேன். "காலைல ஸ்டார்ட் ஆவலைன்னு எங்கிட்ட வராதீங்க" என்று அவன்தான் கோபித்துக்கொண்டான்.

அந்த மாதம் மனைவியைக் கெஞ்சித்தான் அழைத்துப் போனேன். திரும்பும் வழியில், ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஊர்வதற்குத் தயாராக உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே முள் எழுந்தது. ஒரு லாரியை முந்தினேன், அடுத்ததையும்.

"என்னங்க, மெதுவா! அடுத்த மாசமும் நான் உசுரோட வந்து டாக்டரப் பாக்க வேணாமா?" என்றாள்.