சூடக்கா பார்த்த ஆறு கூண்டுகள்

ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளைச் சூடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். அதிர்ந்து பேசத் தெரியாதவள். மைக்ராஸ்கோப்பில் வைக்கும் முன் ஸ்லைடை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வாள். சுண்டெலியின் குடலில் குடியிருக்கும் ஒற்றைச் செல் உயிர்கள் குளிர்ந்தால் அடங்கிவிடும். அசைவைப் பார்க்காமல் எது எது என்று சொல்வது கஷ்டம். அதனால் வந்த பெயர்.

அப்பா படுத்த படுக்கையானதும் கல்லூரியைப் பாதியில் விட்டு, எலிக்கூண்டு கழுவும் வேலைக்கு வந்தவள். மைக்ராஸ்கோப் பார்ப்பவர் விடுப்பில் போன ஒரு வாரம், "நீதான் உட்கார்ந்து பாரேன்" என்றார் ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா. உட்கார்ந்தவள்தான்; பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவன், "எலிப்புழுக்கையைப் பாத்துப் பாத்தே என் பொண்டாட்டி கண்ணாடி போட்டுட்டா" என்று ஊரெல்லாம் பெருமையடிப்பான்.

ஒரு திங்கட்கிழமை காலை, எலியறையைக் கவனித்துக்கொள்பவன் அவள் அறை வாசலில் வந்து நின்றான். ஆறடி ஆள். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, வெளி லேப் ரிப்போர்ட் வந்திருச்சு. ஆறு கூண்டுலயும் ஜியார்டியாவாம். சாயங்காலம் இருபத்தி நாலு எலியையும் முடிச்சிடச் சொல்லிட்டாங்க."

ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி எலியின் வயிற்றைக் கெடுக்கும், சோதனை முடிவுகளைக் கெடுக்கும், அடுத்த கூண்டுக்கும் தாவும். அவளுக்கு அது தெரியும்.

"சாயம் போட்டுக் காஞ்ச ஸ்லைடைத்தானே பாத்திருப்பாங்க? காஞ்சா எல்லாம் சுருங்கி ஒண்ணு போலத்தான் கிடக்கும் தம்பி. புழுக்கை புதுசா எடுத்துட்டு வாங்க. ஆறுறதுக்குள்ள வாங்க."

டாக்டரம்மாவிடம் மதியம்வரை நேரம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கூண்டு. பேரிக்காய் வடிவத்தில் ஒன்று, பக்கவாட்டில் மெல்லிய சவ்வு அலையலையாய்த் துடிக்க, தள்ளாடித் தள்ளாடிப் போனது.

"இது டிரைக்கோமோனாஸ். வாடகை குடுக்காம குடியிருக்கும், அவ்வளவுதான். எலிக்கு ஒண்ணும் பண்ணாது."

ஐந்தாவது கூண்டுவரை அதேதான். அவனுக்கு மூச்சு வந்தது.

ஆறாவதில், ஜோடிக் கண் மாதிரி இரண்டு புள்ளிகளோடு, காற்றில் விழும் சருகுபோல் புரண்டு புரண்டு நீந்தியது ஒன்று. இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தாள். அதிலும் இருந்தது.

"இது ஜியார்டியாதான் தம்பி."

"நாலே நாலு எலிதானே அக்கா. இதையும் அதோட சேத்து..."

"நான் பொய் சொன்னா மத்த இருபதுக்கும் ஒட்டிக்கும். நானே அதுங்களைக் கொன்னமாதிரி ஆயிடும்."

டாக்டரம்மா தாமே வந்து பார்த்தார். ஐந்து கூண்டுகளைத் தனியே வைத்து வாராவாரம் பார்க்கச் சொன்னார்; ஆறாவதை அன்றே முடித்துவிடச் சொன்னார். ஆறாவது கூண்டை வேறு யாரையும் தொடவிடாமல் அவனே தூக்கிக்கொண்டு போனான். அவளும் கூடவே நடந்தாள்.

அடுத்த மூன்று வாரமும் அந்த ஐந்து கூண்டுகளில் ஜியார்டியா இல்லை. நாலாவது வாரம் அவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "பதினோரு வருஷமா புழுக்கை அள்ளிக் கொட்டுறேன், ஒருநாள்கூட உள்ள என்ன இருக்குன்னு பாத்ததில்ல. நான் பாக்கலாமா அக்கா?"

எழுந்து இடம் கொடுத்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"தன் வயித்துக்குள்ள இவ்வளவு பேர் ஓடியாடிட்டு இருக்காங்கன்னு எலிக்குத் தெரியுமா அக்கா?"

"உங்க வயித்துல யார் யார் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவன் சட்டென்று தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அப்புறம் சிரித்தான்.