நெவ்யானா போடாத கையெழுத்து

ரோஜாத் தண்ணீர் கெடாது என்று பல்கேரியாவின் ரோஜா ஊரான கசான்லக்கில் எல்லாரும் நம்புகிறார்கள். நெவ்யானா நம்பவில்லை. அந்த ஊர் க்ரீம் ஆலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கலவை போடுகிறவள் அவள். சோதித்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் தாளில் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு டப்பாகூட வாசலைத் தாண்டாது.

பழைய முதலாளி செத்தார், மகன் அஸ்பாருஹ் வந்தான். அவனுக்கு க்ரீம் செய்யத் தெரியாது, லேபிள் செய்யத் தெரியும். குழந்தைகள் க்ரீமுக்குப் புது லேபிள் அடித்தான்: பாரபென் இல்லை. க்ரீம் கெடாமல் காக்கும் மருந்தான பாரபெனை நிறுத்தினான், அந்த இடத்தில் வேறு எதையும் சேர்க்கவில்லை. ரோஜாத் தண்ணீரை மட்டும் இரட்டிப்பாக்கினான்.

"பாரபென் விஷம்க்கா. நெட்டுல பூரா அதே பேச்சுதான்."

"எந்தப் பாரபென்? அதுல பல வகை இருக்கு. ரெண்டு வகைய கொழந்தைக்கு நாப்பி கட்டுற எடத்துல போடாதேன்னு சட்டமே சொல்லுது. அத நான் தொட்டதே இல்ல. நான் போடுறது மெத்தில் வகை, அதுவும் சட்டம் சொன்ன அளவுக்குக் கீழ. உனக்குப் புடிக்கலையா, வேற மருந்து போடு. ஒண்ணுமே போடலன்னா பூஞ்சை புடிக்கும்."

"ரோஜாத் தண்ணி கெடாது. எங்கப்பாவே சொல்லுவாரு."

"உங்கப்பா குடிச்சது ரக்கியாச் சாராயம். அது கெடாது."

முதல் கலவையில் ரெண்டு டப்பாவை எடுத்து, வழக்கம்போல் தன் அறை அலமாரியில் வைத்தாள். மூன்று மாதம் கழித்துத் திறந்தாள். மூடியின் உள்பக்கம் கறுப்புப் புள்ளிகள், ஈரக் காலுறை நாற்றம். அதற்குள் அதே செய்முறையில் நானூறு பெட்டி அடுக்கியாயிற்று. குறை அவள் கையெழுத்து ஒன்றுதான்.

"போட மாட்டேன்," என்றாள்.

"வயசாயிடுச்சுக்கா உனக்கு. நாளைக்கு சோபியாலேர்ந்து சரக்கு எடுக்க மருந்துக்கடைக்காரம்மா வர்றாங்க. அவங்க போறதுக்குள்ள போடு. இல்லன்னா கோட்டக் கழட்டி வச்சிட்டுக் கெளம்பு."

மறுநாள் அந்த அம்மா வந்தார். அந்த ஆலையில் யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் புறங்கையில் க்ரீம் தடவுவார்கள். வேண்டாம் என்றால் ஆலைக்காரரை அவமதித்த மாதிரி. அஸ்பாருஹ் காலையில் அடைத்த டப்பாவைத் திறக்கப் போனான். அவனுக்கு முன்னால் நெவ்யானா தன் அலமாரி டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"இதுவும் அதே க்ரீம்தாம்மா. மூணு மாசம் ஆச்சு, அவ்வளவுதான். உங்க கடையில வாங்குற பொண்ணும் இத்தன மாசம் வச்சிருந்துதான் கொழந்தைக்குத் தடவுவா. கைய நீட்டுங்க."

அந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது லேப் டப்பாம்மா, யாரோ அழுக்குக் கைய விட்டிருக்காங்க," என்றான் அஸ்பாருஹ்.

"அப்படின்னா நீ தடவு," என்றாள் நெவ்யானா. "மொகத்துல."

அவன் தடவவில்லை. மருந்துக்கடைக்காரம்மா காப்பி குடிக்காமல் கிளம்பினார். நெவ்யானா கோட்டைக் கழற்றி அவன் நாற்காலி மேல் போட்டுவிட்டு, அலமாரியில் மிச்சமிருந்த இன்னொரு டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

"திருட்டு," என்றான் அவன்.

"கேஸ் போடு. நீதிபதி முன்னாடி தொறந்து காட்டுறேன்."

அவன் கேஸ் போடவில்லை. நானூறு பெட்டியும் குப்பைக்குப் போயின. இப்போது வேறொருத்தி கையெழுத்துப் போடுகிறாள். க்ரீமில் வேறொரு கெடாமருந்து சேர்கிறது, அதன் பெயர் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது. முன்பக்கம் பெரிய எழுத்தில் இன்னும் அதே வெற்றுப் பெருமைதான்: பாரபென் இல்லை.