மூக்குக்கு விடுமுறை இல்லை

தீவுக் கடை ஒன்றின் எண்ணெய்ச் சட்டிக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்திருக்கிறார் மனிதர். பின்னால் நிற்பவர்கள் ஏதோ பிரார்த்தனை என்று பொறுத்திருக்கிறார்கள்.

"முந்தாநாள் எண்ணெய்," என்கிறார், கண்ணைத் திறந்து.

தட்டை நீட்டியிருந்த மனைவியின் கை தானாகவே கீழே இறங்குகிறது.

ஊரில் அவர் உணவுச் சுகாதார ஆய்வாளர். ஓட்டல்காரர்கள் வைத்த பெயர் மூக்கர். அவருக்கு விடுமுறை கிடைத்தது, மூக்குக்குக் கிடைக்கவில்லை. விடுமுறைக்கு வந்த தீவில் எல்லாரும் அரைக்கால் சட்டையில் திரிய, இவர் மட்டும் மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை. பையில் டார்ச், மாதிரி எடுக்கும் பிளாஸ்டிக் பைகள். கடலை முதன்முதலாகப் பார்த்ததும் சொன்னார்: "தண்ணி தெளிவாத்தான் இருக்கு. உப்புதான் ஜாஸ்தி."

மனைவி கேட்டது ஒன்றே ஒன்று. கடலில் காலை நனைத்துக்கொண்டு, அடுத்தவர் அடுப்பில் வெந்த மீனைக் கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். சட்டி கழுவுவதும் அடுத்தவர் பாடாக இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்தத் தீவு.

கரையில் மீனை வறுத்துத் தரும் கடைக்குப் போனார்கள். மூக்கர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். மீனின் வயிற்றைக் கட்டை விரலால் அழுத்தினார். கண்ணுக்குள் டார்ச் அடித்தார்.

"ஐயா, மீன் வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்றாள் மீன்காரம்மா.

"நகத்தைக் காட்டும்மா."

வாய் தவறி வந்துவிட்டது. நகத்தைக் காட்டு என்று உலகத்தில் யார் கேட்பார்கள்? மீன்காரம்மா கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

தீவு சின்னது, செய்திக்குக் கால் நீளம். மறுநாள் இவர்கள் கரையோரம் நடக்க நடக்க, முன்னால் ஒவ்வொரு கடையாகத் தார்ப்பாய் இறங்கிக்கொண்டே போனது. கரை முழுக்க வறுத்த மீன் வாசனை. மீனை மட்டும் காணோம். அறைக்குத் திரும்பி பிஸ்கட் தின்றார்கள். அதையும் அவர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து முடித்த பிறகுதான் பிரிக்கவிட்டார்.

"நகத்தைக் காட்டச் சொன்னது ஒரு குத்தமா?"

"கல்யாணத்துல என் கையைப் புடிச்சப்பவே நகத்தைத்தான் பாத்தீங்க. அன்னிக்கே எங்கப்பா அடுப்பை அணைச்சிருக்கணும்."

கடைசி நாள். மதியம் படகு. அவரைப் படகுத்துறை பெஞ்சில் உட்கார வைத்து, மடியில் பெட்டியையும் ஏற்றினாள். "நான் வர்றதுக்குள்ள எழுந்தீங்க, அடுத்த படகுல தனியா வர வேண்டியதுதான்."

மீன் கடையில் தார்ப்பாய் ஒரு சாண் உயர்ந்தது. இரண்டு கண்கள் தெரிந்தன.

"அந்த ஆபீசர் உங்க வீட்டுக்காரராம்மா?"

"யாரு? அந்த ஆளையா சொல்றீங்க? எனக்கு அவரைத் தெரியவே தெரியாதுங்க," என்றாள், இத்தனை வருடக் குடித்தனத்தைச் சட்டிக்குள் தூக்கிப் போட்டு. "பெரிய மீனாப் போடுங்க."

முழங்கால் தண்ணீரில் நின்று தின்றாள். நாக்கு வெந்தது. அலை புடவையை நனைத்தது. யாரும் எதையும் முகர்ந்து பார்க்கவில்லை. ஆனாலும் பாழாய்ப் போன மனசு கேட்கவில்லை. நடுத்துண்டு ஒன்றை இலையில் மடித்துக்கொண்டாள்.

படகில் அதைப் பிரித்த மூக்கர், முகர்ந்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதை இப்படியே சாப்பிட முடியாது. மாதிரி எடுத்துக்கறேன்." பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ஒட்டினார்.

"எப்படியோ போங்க!" என்று அவள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தீவு சுருங்கிக்கொண்டே வந்தது. ஆனால் மீன் வாசனை மட்டும் கூடவே வந்தது. திரும்பிப் பார்த்தாள். மூக்கர் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து உட்கார்ந்திருந்தார். காதுகள் இரண்டும் மேலும் கீழுமாக ஏறி இறங்கின.

"என்னங்க, மாதிரி என்ன சொல்லுது?"

அவர் திரும்பவில்லை. சோதனையின்போது குறுக்கே பேசும் கடைக்காரர்களை அடக்கும் அதே தோரணையில் ஒரு கையை மட்டும் உயர்த்தினார். கட்டை விரலில் ஒரு முள் ஒட்டியிருந்தது.