ஒன்பதாம் நம்பர் உளுந்தும் என் தங்கச்சியும்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் லாரி ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் என் தங்கச்சி சீனித்தாயைத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அங்கே தள்ளுவண்டியில் உளுந்த வடை போடுகிறாள். வாய் கொஞ்சம் அதிகம். எங்கள் குடும்பத்தில் அது யாருக்கும் குறைச்சல் இல்லை.

விளாத்திகுளம் பக்கம் அவளுக்கு முக்கால் ஏக்கர் கரிசல் உண்டு. மழையை நம்பி உளுந்து விதைக்கிற நிலம். போன வருஷம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அனுசியா என்று ஒரு மேடம் வந்து, புது ரகம் தேடப் பன்னிரண்டு வகை உளுந்தைப் பாத்தி பாத்தியாக விதைத்தார். எதற்கும் பேர் கிடையாது. குச்சியில் நம்பர் மட்டும். மழை ஏமாற்றினாலும் எது தாங்கிக் காய்க்கிறது என்று பார்ப்பது அவர் வேலை. அறுத்து, எடை போட்டு, விதைக்கு எடுத்தது போக மிச்சத்தைத் தங்கச்சியிடமே விட்டுப்போனார்.

அவள் சும்மா இருப்பாளா? ஒவ்வொரு நம்பரையும் தனித்தனியாக ஆட்டி வடை போட்டாள். எடையில் முதலில் வந்தது நாலாம் நம்பர். அந்த வடையைக் கடித்த கிரேன் ஆபரேட்டர் ஜெஸ்டின், "யக்கா, இதைக் கப்பலுக்கு நங்கூரமா போடலாம்" என்றான். மறுநாள் ஒன்பதாம் நம்பர். "நேத்து நங்கூரம், இன்னைக்குப் பலூனா?" என்று ஆறு தின்றான்.

இந்த வருஷமும் அதே பன்னிரண்டையும் விதைத்தார்; எடையில் அந்த ஒன்பது கடைசிக்கு வந்துவிட்டது. சுற்றுவட்டார விவசாயிகளைக் கூட்டிப் பயிரைக் காட்டுகிற வயல் நாளன்று கடைசி மூன்றையும் கழித்துவிடுவோம் என்று மேடம் சொல்லிவிட்டார். கழித்தால் அந்த விதை அப்புறம் கண்ணில் படாது. தங்கச்சி எனக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, லோடு ஆட்டோவை எடு. கிரைண்டரை ஏத்தணும்."

"எங்கன?"

"வெளாத்திகுளத்துக்கு."

"ஏளா, அங்கன யாருக்குக் கல்யாணம்?"

"ஒம்பதாம் நம்பருக்கு!"

கழிக்குமுன் எல்லார் முன்னாலும் ஆட்டி, எதில் மாவு அதிகம் காணுகிறது என்று பார்ப்போம் என மேடத்திடமும் பேசியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். நாலையும் ஒன்பதையும் ஒரே அளவில் அவரே ஊறவைத்துத் தொலி கழுவிக் கொண்டுவருவார். ஒரு வாளியில் சிவப்பு நூல், மற்றதில் நீல நூல். எது எதுவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"தோத்தா குச்சியை நானே புடுங்கிப்போடுதேன்" என்றாள் தங்கச்சி.

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூமில் கரண்டு வாங்கினோம். ஐம்பது பேர் சுற்றி நின்றார்கள். ஆட்டுகிறவன் நான். தண்ணீரை டம்ளரில் அளந்து விடும்போதே ஒருவர், "அண்ணாச்சி, தங்கச்சிக்குன்னு ஒரு சொட்டு கூட விட்டுராதிய!" என்றார். எது யாருடையது என்று எனக்கு என்ன தெரியும்?

முதலில் நீலம். அரைச் சட்டி வந்தது. "நல்லாத்தானே காணுது" என்றது கூட்டம். தங்கச்சி சட்டியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

பிறகு சிவப்பு. கல் பத்து நிமிஷம் சுற்றியது. மாவு எழும்பியது. இன்னும் எழும்பியது. விளிம்பைத் தொட்டது. "வழியுது, வழியுது!" என்று பெண்கள் கத்த, நான் இரண்டு கையாலும் அள்ள, மூக்கிலும் மீசையிலும் மாவு. அடுத்த சட்டிக்கு ஓடினார்கள்.

தங்கச்சி வாளித் தண்ணீரில் நீல மாவை ஒரு சொட்டு கிள்ளிப் போட்டாள். அடியில் போய் உட்கார்ந்தது. சிவப்பைப் போட்டாள். மிதந்தது!

"கப்பல் வந்துட்டு!" என்று குதித்தாள், நாற்பத்தாறு வயசுக்காரி.

மேடம் சட்டைப்பையிலிருந்து துண்டுச் சீட்டைப் பிரித்தார். "சிவப்பு, ஒன்பது!" சத்தத்தில் வயலில் இருந்த மயில்களெல்லாம் எழும்பிப் பறந்தன. நாலு பெண்கள் அந்த இடத்திலேயே முந்தானையை விரித்து விதை கேட்டார்கள்.

"என் நோட்டில் மாவுக்குக் கட்டமே இல்லையே" என்றார் மேடம். பிறகு ஸ்கேல் வைத்து ஓரத்தில் புதுசாக ஒரு கோடு போட்டார். "ஒன்பது இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். ஆனா கட்டம் போட்டாச்சு, பன்னிரண்டையும் ஆட்டிப் பாத்து நிரப்பணும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அண்ணே..." என்று இழுத்தாள் தங்கச்சி.

"முதல்ல எண்ணெயைக் காய வைளா" என்றேன்.

ஒன்பது வடையோடு நிறுத்த வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். பதினாலு ஆகிவிட்டது.