சாரம்மாள் கழுவிய இரண்டு பிப்பெட்டுகள்

சாரம்மாளுக்குக் கொடுத்த மெமோவை டைப் அடித்தவன் நான். அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி ஒரு வரி எழுதவும் எனக்கு யோக்கியதை கிடையாது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி. அதன் ஆய்வகத்தில் பதினேழு வருஷமாகச் சோதனைக் குழாயும், மருந்தை அளந்து ஊற்றும் பிப்பெட்டும் கழுவினாள். எட்டாவது வரை படிப்பு. தினமும் முன்னீர்பள்ளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். பதினேழு வருஷமும் தற்காலிகம்தான். 1996இல் நிரந்தரம் செய்யப்படுகிறவர்கள் பட்டியலில் முதல்முறையாக அவள் பெயர் ஏறியது. விதிக்கு அது பொறுக்குமா?

பேராசிரியர் அருணாசலம் வயல்மண்ணில் எடுத்த பாக்டீரியா மேல் பெராக்சைடு என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஊற்றி, எவ்வளவில் எல்லாம் சாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் அந்த அளவு ஊற்றியும் சாகவில்லை. மறுநாள் வளர்ப்புத் தட்டு முழுக்க முளைத்துக் கிடந்தது. ஊற்றியவன் அவருடைய ஆய்வு மாணவன் குமரவேல். மாட்டிக்கொண்டது சாரம்மாள்.

"பாட்டில வெயில்ல வச்சுக் கெடுத்திருக்கா. மெமோ அடியும்வே" என்றார் பேராசிரியர்.

அடித்தேன். மெமோ கோப்பில் இருந்தால் பட்டியலில் பெயர் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடித்தேன்.

சாரம்மாள் அந்தப் பாட்டிலோடு அவர் அறைக்குப் போனாள். ஒரு சொட்டை விரலில் விட்டாள். தோல் சுண்ணாம்பாக வெளுத்தது.

"மருந்து கெட்டிருந்தா என் வெரலு ஏன் சார் வெளுக்கு?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷர்!

அவள் நேராகக் குமரவேலிடம் போனாள். "தம்பி, அன்னைக்குப் பத்து மணிக்கு ஒரு சின்னப் பிப்பெட்டு கழுவப் போட்டிய. பதினோரு மணிக்கு ஒரு பெரிய பிப்பெட்டு. ரெண்டையும் கழுவுனது நான்தான். சின்னதுல என்ன ஊத்துனிய?"

அவன் உண்மையைக் கக்கிவிட்டான். முதலில் தவறுதலாக நூறில் ஒரு பங்குதான் ஊற்றியிருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துத் தெரிந்ததும், சத்தமில்லாமல் முழு அளவையும் ஊற்றிவிட்டான். இவள் தலை உருளும்போதும் வாயைத் திறக்கவில்லை.

அழுதுகொண்டே போய்ப் பேராசிரியரிடம் சொன்னான். அவருக்குக் கோபம் வரவில்லை, குஷி வந்தது! அதே பாட்டிலை வைத்து மூன்று முறை செய்து பார்த்தார். முன்னதாகக் கொஞ்சம் பெராக்சைடு பட்ட பாக்டீரியா பிழைத்தது. படாதது அத்தனையும் செத்தது.

அதை அவர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்; அதையும் நான்தான் டைப் அடித்தேன். அப்போதுதான் எனக்கும் புரிந்தது. செல்லுக்குள் ஒரு புரதம் காவல் இருக்கிறது. துளி பெராக்சைடு பட்டதும் அது உருமாறி, உறங்கிக் கிடக்கும் காப்பு மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. அவை பெராக்சைடை உடைக்கும் நொதிகளைச் செய்யவைக்கின்றன. ஒரு மணி நேரத்தில் செல் தயார். எடுத்த எடுப்பில் முழு அளவும் வந்தால் அதற்கு நேரம் இருக்காது.

மெமோவை என்ன செய்வது என்று பேராசிரியரிடம் கேட்டேன்.

"அது கெடக்கட்டும்வே, பழைய விசயம்."

பழைய விஷயமாம்! பட்டியல் கமிட்டிக்குப் போக நான்கு நாள்தான் இருந்தது. மெமோ நகலையும் கட்டுரையின் கார்பன் நகலையும் எடுத்துக்கொண்டு கழுவும் தொட்டிக்குப் போனேன். விதிப்படி தப்பு. கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சி, அண்ணாச்சி. ஒரு சொட்டு பட்டதுமே உசாராவுது. நாமதான் எவ்வளவு பட்டாலும் சும்மா கெடக்கோம்" என்றாள். "அதே பாட்டில்னு எழுதியிருக்க வரியில கோடு போட்டுத் தாங்க."

போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலை இரண்டு தாளையும் பேராசிரியர் மேஜையில் வைத்தாள். நான் பக்கத்து அறையில் மெஷின் முன்னால் இருந்தேன். கதவு திறந்துதான் கிடந்தது.

"ரெண்டுலயும் ஒங்க பேருதான் சார். ஒண்ணுல அந்தப் பாட்டில் கெட்டுப்போச்சு. இன்னொண்ணுல அதே பாட்டில் அத்தனையயும் கொல்லுது. எது பொய்யி?"

தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கி வந்தது. "சரிம்மா, மெமோவக் கிழிச்சிருவோம்."

"கிழிச்சா போதாது. நான் கெடுக்கலன்னு எழுதிக் கையெழுத்து போட்டுத் தாங்க."

"லிங்கம்!" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் எழுந்து போகவில்லை. தாளை எப்போதோ மெஷினில் சொருகி, அவள் பெயர் வரை அடித்து வைத்திருந்தேன்.

"சொல்லுங்க சார்" என்றேன்.